பதினாலு மாசமாச்சு, முடியல டாக்டர்

கேள்வி: எனக்கு 28 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை. திருமணமாகி 14 மாதம் ஆகிறது. இன்றுவரை எங்களுக்குள் தாம்பத்திய உறவு முழுமையாக நடக்கவில்லை. கணவர் பொறுமையானவர், ஒருநாளும் கட்டாயப்படுத்தியதில்லை. அவர் தொடுவது எனக்குப் பிடிக்கிறது, ஆசையும் வருகிறது. ஆனால் அந்த நேரம் வந்ததும் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடுகிறது. எரிகிறது. என் கால்கள் தானாகச் சேர்ந்துவிடுகின்றன. ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மேசையில் ஏறிப் படுத்ததுமே அழுதுவிட்டேன். 'இதுக்கே இப்படின்னா நாளைக்கு எப்படிம்மா புள்ள பெத்துக்குவே' என்றார். வழி சின்னதாக இருக்கிறது, மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்து அகலப்படுத்தலாம் என்கிறார். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. எனக்கு வழியே இல்லையா? கல்லூரி ஹாஸ்டலில் இருந்தபோது சுய இன்பப் பழக்கம் இருந்தது. அதனால் ஏதாவது கெட்டுப்போயிருக்குமா? மாதாமாதம் நான் தலைக்குக் குளிக்கும் நாளில் அத்தை என் முகத்தையே பார்க்கிறார். யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டுத் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கத்து ஓரத்தில் வேறு கையெழுத்தில், வேறு மையில் ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வழி இருக்கிறது. மாதாமாதம் ரத்தம் வெளியே வருகிறதே, அது வரும் பாதைதான் நீங்கள் கேட்கிற பாதை. பிறவியிலேயே யோனியும் கருப்பையும் உருவாகாத பெண்கள் இருக்கிறார்கள், சுமார் 5,000 பேரில் ஒருவர். அவர்களுக்கு மாதவிடாயே வராது. யோனியின் வாயை ஒரு சவ்வு முழுக்க மூடியிருக்கும் பெண்களும் உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில், மாதாமாதம் வயிற்றுவலி வருகிறது, ஆனால் இன்னும் வயசுக்கு வரவில்லை என்று அம்மாக்கள் அழைத்து வருவார்கள். உள்ளே ரத்தம் தேங்கி நிற்கும். உங்களுக்கு இரண்டும் இல்லை என்பதை உங்கள் காலண்டரே சொல்கிறது.

நீங்கள் எழுதியிருக்கும் எல்லாம் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன: சுவர், எரிச்சல், தானாகச் சேரும் கால்கள், ஆசை இருந்தும் முடியாத நிலை. இதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர். நேரில் பார்க்காமல் நூற்றுக்கு நூறு என்று எழுத மாட்டேன். ஆனால் இந்தக் கடிதத்தை என் அறையில் உட்கார்ந்து நீங்கள் சொல்லியிருந்தால், பாதியிலேயே நான் பேனாவை எடுத்திருப்பேன். என்னிடம் வருகிறவர்களில் மூன்று வருடம், ஐந்து வருடம், ஒரு தம்பதி ஒன்பது வருடம் காத்திருந்து வந்திருக்கிறார்கள். நீங்கள் 14 மாதத்தில் எழுதியிருக்கிறீர்கள். சீக்கிரம்தான்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தூளி தெரியும் இல்லையா, குழந்தையைப் போட்டு ஆட்டுவோமே. இடுப்பின் அடியில் அந்த மாதிரி ஒரு தசைத் தூளி இருக்கிறது. முன்னால் அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் எலும்பில் ஒரு முனை, பின்னால் வால் எலும்பில் இன்னொரு முனை. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. சிறுநீர் போகும் வழி, யோனி, ஆசனவாய் மூன்றும் அந்தத் தூளியைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே வருகின்றன. பஸ்ஸில் போகும்போது அவசரமாக வந்தால் அடக்கிக்கொள்கிறோமே, அடக்குவது இந்தத் தசைதான். அது சுருங்கினால் மூன்று வழிகளும் சேர்ந்து இறுகும்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறீர்கள், கண்ணை நோக்கி ஒரு பூச்சி வருகிறது. இமையை மூடலாமா என்று யோசிப்பீர்களா? அது மூடியாகிவிட்டிருக்கும். உங்கள் தூளியும் அப்படித்தான் மூடிக்கொள்கிறது. 'வலிக்கப் போகிறது' என்று உடம்பு ஒருமுறை முடிவு செய்துவிட்டால், தசை உங்களைக் கேட்டுக்கொண்டு இறுகாது. இறுகின தசைமேல் எதுவும் பட்டால் வலிக்கும், எரியும். வலித்ததால் அடுத்த முறை இன்னும் முன்னதாகவே இறுகும். கொஞ்ச நாளில் அவர் பக்கத்தில் படுத்தாலே தொடை இறுகத் தொடங்கும். 'மனசை ரிலாக்ஸா வச்சுக்கோ' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்டு யாருக்காவது இமை திறந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

வழி சின்னது என்பதும் இங்கிருந்து கிளம்பிய தப்புக் கணக்குதான். இறுகியிருக்கும்போது தொட்டுப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். பிரசவத்தில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள குழந்தைத் தலை அதே வழியாகத்தான் வருகிறது. அகலம் அங்கே ஒரு பிரச்சினையே இல்லை. வெட்டிச் சரிசெய்யும் யோசனை மிகப் பழையது. இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர் மேரியன் சிம்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், 1861-ல். அவரும் வெட்டத்தான் சொன்னார். (அதற்கு முன்பே, அடிமைப் பெண்களை மயக்க மருந்து இல்லாமல் அறுத்து அறுவை சிகிச்சைகளைப் பழகியவர் அவர். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவருடைய சிலையை 2018-ல் எடுத்துவிட்டார்கள்.) சவ்வு தடித்தோ, உள்ளே தடுப்பு இருந்தோ நிஜமாக அடைப்பு உள்ள சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும். தசை இறுக்கத்துக்கு வெட்டினால் தழும்பு மிஞ்சும், அந்தத் தழும்பே பிறகு வலிக்கும். உங்கள் ஊரில் சொன்ன ஆபரேஷனுக்கு இப்போதைக்குத் தேதி வாங்காதீர்கள். இரண்டாவது கருத்து கேளுங்கள்.

இனி நான் கொஞ்சம் நீட்டிப் பேசப்போகும் விஷயம். உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் அந்த உறுப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் 'அங்கே' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை. எங்கள் ஓ.பி.யிலும் அதே கதைதான். 'கீழே அரிக்குது', 'அடியில எரியுது', 'அந்த இடம்' என்பார்கள். நர்ஸும் அப்படித்தான் கேட்பார், சில நாள் நானும் அப்படித்தான் கேட்கிறேன். சங்கப் புலவர்கள் அல்குல் என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் பாட்டில் வைத்தார்கள். அது எந்தப் பகுதியைக் குறிக்கிறது என்பதில் தமிழறிஞர்களுக்குள் இன்றைக்கும் சண்டை. நம்மிடம் மிஞ்சியிருப்பது ஒன்று கெட்ட வார்த்தை, இல்லாவிட்டால் பாடப்புத்தக வார்த்தை. இரண்டையும் சொந்த உடம்புக்குச் சொல்ல வராது.

இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்களிடம் நான் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுப்பேன். உங்களுக்கு அங்கே எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்களோ அப்படியே வரையுங்கள் என்பேன். ஒருவர் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கருப்பை, இரண்டு பக்கமும் கருக்குழாய், அதன் நுனியில் விரல் விரித்ததுபோல் நீட்சிகள், அண்டகம், எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினார். கையெழுத்துகூட அச்சுப்போல் இருந்தது. கருப்பை வாய்க்குக் கீழே வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. இரண்டு கோடு இழுத்து, அப்படியே விட்டுவிட்டார். வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டேன். தெரியவில்லை மேடம் என்றார். சிறுநீர் எங்கிருந்து வருகிறது, மாதவிடாய் எங்கிருந்து வருகிறது, இரண்டும் ஒரே துவாரமா என்று கேட்டதற்கும் பதில் இல்லை. இருபது வருடமாக அந்தப் பாடத்தை நடத்துகிறவர். பாடப்படம் நிற்கிற இடத்திலேயே அவருடைய உடம்பும் நின்றுபோயிருந்தது.

ஆகவே உங்களுக்கு நான் எழுதும் முதல் மருந்து ஒரு கைக்கண்ணாடி. ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைப்பதே போதும். வீட்டில் யாரும் இல்லாத பகல் நேரம், தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கட்டிலில் சுவரோடு சாய்ந்து முழங்காலை மடக்கி உட்காருங்கள். வெளிச்சம் உங்களுக்கு முன்னாலிருந்து வரட்டும். முதல் நாள் பார்த்தால் போதும், தொட வேண்டாம். அதுவும் முடியாவிட்டால் கண்ணாடியை எடுத்துவைத்துவிட்டு மறுநாள் பாருங்கள்.

வெளியே இரண்டு தடித்த மடிப்புகள், முடி இருப்பவை. அவற்றை விலக்கினால் உள்ளே இரண்டு மெல்லிய இதழ்கள். ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கலாம், ஓரம் சுருக்கம் சுருக்கமாக இருக்கலாம், உடம்பின் மற்ற இடத்தைவிடக் கறுத்திருக்கும். எல்லாம் இயல்பு. அதை வெளுப்பாக்குவதாகச் சொல்லி ஆன்லைனில் விற்கும் கிரீம் எதையும் வாங்க வேண்டாம். அந்த இதழ்கள் மேலே சேரும் இடத்தில் ஒரு சின்ன மொட்டு, பட்டாணி அளவு. அதுதான் கிளிட்டோரிஸ். கண்ணுக்குத் தெரிவது நுனி மட்டும். மீதி உள்ளே இரண்டு கால் விரித்து, யோனியை அணைத்தாற்போல் இறங்குகிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓகானல் 1998-ல் அறுத்துப் பார்த்து எழுதிய பிறகுதான் அதன் முழு அளவு மருத்துவர்களின் கவனத்துக்கே வந்தது. நான் படித்த உடற்கூறு வகுப்பில் அதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

அதற்குக் கீழே சிறுநீர்த் துவாரம், கண்டுபிடிப்பது கஷ்டம், ஒரு புள்ளி. அதற்கும் கீழே யோனி வாய். பைப்பு மாதிரி ஒரு ஓட்டை திறந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சட்டையைக் கழற்றி மடித்துவைத்தால் கைப்பகுதி எப்படி இருக்கும்? இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும், கை நுழைந்தால் இடம் கொடுக்கும். யோனி அப்படித்தான். ஆசை வரும்போது சுவரில் நீர் சுரக்கும், நீளம் கூடும், உள்பக்கம் விரியும். நீங்கள் பார்க்கும் வாயின் ஓரத்தில் பூ இதழ் ஓரம்போல் ஒழுங்கில்லாத ஒரு மெல்லிய விளிம்பு இருந்தால் அதுதான் கன்னித்திரை. திரை என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியவில்லை. தலைமுடிக்குப் போடும் துணி ரப்பர் பேண்டுக்கு நெருக்கமான சங்கதி அது. சிலருக்கு முதல் உறவில் ரத்தம் வரும், பலருக்கு வராது. அதைப் பார்த்து எந்தப் பெண்ணைப் பற்றியும் எதையும் சொல்ல முடியாது. பாலியல் வன்முறை வழக்குகளில் செய்துவந்த இரு விரல் பரிசோதனையை 2013-லேயே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2022-ல், இனி செய்கிறவர்மேல் நடவடிக்கை என்றே சொல்லிவிட்டது.

ஹாஸ்டல் பழக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எதுவும் கெடவில்லை. சுய இன்பத்தால் வழி சுருங்காது, தளராது, குழந்தை பிறப்பதும் நிற்காது. உண்மையில் அது உங்களுக்கு ஒரு அனுகூலம். தொட்டால் இன்பம் தெரிகிறது, ஆசை வருகிறது, அதாவது நரம்பும் ரத்த ஓட்டமும் அதன் வேலையைப் பார்க்கின்றன. மாட்டியிருப்பது அந்தத் தூளி மட்டும். பத்து வருடமாக அதற்குத் தண்டனை வரும் என்று காத்திருந்த உடம்பு, கல்யாணமானதும் வலி வந்தவுடன் 'இதுதான் அது' என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். ஹாஸ்டலில் யாரோ சொன்ன முதலிரவுக் கதை, அக்காவின் பிரசவ அறை அலறல், எதுவும் விதையாக இருக்கலாம். சிலருக்குச் சின்ன வயதில் ஒருவர் செய்த அத்துமீறல் இருக்கும். அப்படி ஏதும் உங்களுக்கு இருந்தால், யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பது முழுக்க உங்கள் விருப்பம். பலருக்கு ஒரு காரணமும் கிடைக்காது. கிடைக்காமலே குணமாகிவிடும்.

சரி, இனிமேல் செய்ய வேண்டியது. இன்றிலிருந்து உறவுக்கு முயலவே வேண்டாம். தடை. கட்டிப்பிடிக்கலாம், முத்தம் கொடுக்கலாம், உங்கள் இருவருக்கும் பிடித்த வேறு எதையும் செய்யலாம், உள்ளே நுழைவது மட்டும் கிடையாது. இதைச் சொன்னதும் சிரிக்கிறவர்கள் உண்டு: '14 மாசமா அதுதானே டாக்டர் நடக்குது'. இல்லை. இதுவரை ஒவ்வொரு தொடலும் ஒரு பரீட்சையில் போய் முடிந்தது. பரீட்சை ரத்து என்று தெரிந்தால்தான் உடம்பு கொஞ்சம் இறங்கும்.

அப்புறம் மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு உப்பட்டும், தூளி கீழே இறங்குவதாக உணருங்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் அசைவு கண்ணுக்கே தெரியும். யூடியூபில் கீகல் பயிற்சி என்று இறுக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். அது பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்தவர்களுக்கு. உங்களுக்கு வேண்டியது விடுவது.

அது பழகிய பிறகு உங்கள் சுண்டுவிரல். நகம் ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த லூப்ரிகன்ட் தடவி, வாயின் ஓரத்தில் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்து மெதுவாக விடுங்கள். லேசாக முக்குங்கள், மலம் கழிக்கும்போது முக்குவதில் கால்வாசி. அப்போது தூளி திறக்கும். முதல் கணு வரை போனால் அன்றைக்குப் போதும். இறுகினால் பதறி உருவாதீர்கள். அப்படியே வைத்துக்கொண்டு நாலைந்து மூச்சு விட்டுப் பாருங்கள், தசை தானாக விடுவதை விரலே உணரும். வலி கூர்மையாக இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். தினம் பத்து நிமிடம். சுண்டுவிரலிலிருந்து ஆள்காட்டி விரல், பிறகு டைலேட்டர். விரல் பருமனில் தொடங்கி வரிசையாகப் பெரிதாகும் சிலிக்கான் குச்சிகள் ஒரு செட்டாக ஆன்லைனிலேயே கிடைக்கின்றன. ஒரு அளவு சலிப்புத் தட்டும் வரை அடுத்த அளவுக்குப் போகக் கூடாது. சலிப்பு என்றுதான் எழுதினேன். என்னிடம் வந்த ஒரு பெண், மூன்றாவது அளவை உள்ளே வைத்துக்கொண்டு போனில் கரண்ட் பில் கட்டினாராம். அடுத்த அளவுக்கு அவர் தயார் என்று அதைக் கேட்டதும் எனக்குத் தெரிந்தது.

சிலருக்குச் சில வாரம், பலருக்குச் சில மாதம். இடுப்புத் தசைக்கென்றே பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்டுகள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். கிடைத்தால் ஆறு மாத வேலை மூன்று மாதத்தில் முடியும். அதற்கு முன் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் தொற்று, தோல் நோய், யோனி வாயில் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மட்டும் வரும் எரிச்சல் இவையெல்லாம் இதே முகமூடியில் வரும். முதல் தடவையே மேசையில் ஏற வேண்டியதில்லை. ஓ.பி. சீட்டு எழுதும்போதே 'உள் பரிசோதனை வேண்டாம், பேச மட்டும்' என்று சொல்லுங்கள். மேசையில் ஏறும் நாளில், 'நிறுத்துங்கள்' என்றால் கையை எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளாத மருத்துவரை மாற்றுங்கள். உங்களிடம் அப்படிக் கேட்ட அந்த டாக்டரம்மாவுக்காக நான் வெட்கப்படுகிறேன். பயிற்சிக் காலத்தில் நானும் யாரிடமாவது அப்படிப் பேசியிருப்பேன் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

குழந்தை விஷயம். உறவு இல்லாமலே, கணவரின் விந்தை மெல்லிய குழாயால் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. போன்ற முறைகளில் கருத்தரிக்க முடியும், சுகப்பிரசவமும் ஆகும். வயது 37, 38 என்றால் நானே அதை முதலில் செய்யச் சொல்வேன். உங்களுக்கு 28. அத்தையின் பார்வைக்குப் பயந்து அந்த மேசையில் போய்ப் படுக்காதீர்கள். பிள்ளை பெற்றால் இது தானாகச் சரியாகிவிடும் என்பதும் உறுதியில்லை. அத்தையிடம் 'டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டு இருக்கோம் அத்தை, ஆறு மாசம் பொறுங்கன்னு சொல்லியிருக்காங்க' என்றால் போதும். பொய்யும் இல்லை, அதற்குமேல் அவருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. அதை உங்கள் கணவர் சொல்வது நல்லது.

இப்போது அந்த ஓரத்து வரி. 'நான் என்ன செய்யணும் டாக்டர்' என்று எழுதியிருந்தது.

தம்பி, பாதி நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். மாதக்கணக்கில் முயன்று தோற்ற பிறகு உங்களுக்கும் விறைப்புத் தளர்வது நடந்திருக்கலாம், சீக்கிரமே முடிந்துவிடும் பழக்கமும் வந்திருக்கலாம். அதற்காக லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவர்களிடம் போய்விடாதீர்கள். பெரும்பாலும் இது சரியானதும் அதுவும் சரியாகும். அந்தக் கைக்கண்ணாடியை அவர் கூப்பிட்டால் ஒழிய நீங்கள் பார்க்க வேண்டாம். கூப்பிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், உங்களுக்கும் அந்த வரைபடம் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தினமும் 'இன்னிக்கு எவ்வளவு தூரம்' என்று கேட்காதீர்கள். அவர் ஆள்காட்டி விரலைத் தாண்டிய பிறகு ஒருநாள் உங்கள் சுண்டுவிரலைக் கேட்பார். விரலைப் பிடித்து வழிநடத்துவது அவர் கையாக இருக்கட்டும், தள்ளுவது உங்கள் வேலை இல்லை. நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். அன்றைக்கே வெட்டினால் ஓரம் கீறும்.